மொய்க்கு நோட்டு உண்டு, நகைக்கு இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் குடும்ப ஆலோசனைப் பகுதியை விடாமல் படிக்கிறவன் நான். மாமியார் மதிப்பதில்லை என்று ஒருவர் எழுதுகிறார். என்னைவிட நண்பர்கள்தான் கணவருக்கு முக்கியம் என்று இன்னொருவர். நாத்தனார் வந்து போனாலே வீட்டில் சண்டை என்று வேறொருவர். பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: மனம்விட்டுப் பேசுங்கள், கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். தப்பில்லை. ஆனால் எதைப் பேசுவது, எதை விட்டுக்கொடுப்பது என்று அந்தப் பதில்களில் இருப்பதில்லை. பதில் எழுதுகிறவர்கள் முதலில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு அப்புறம் ஆலோசனை சொல்லலாம். "உன் கல்யாண நகை இப்போது எங்கே இருக்கிறது அம்மா?"

நான் கும்பகோணம் பக்கத்தில் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நகை மதிப்பீட்டாளராகப் பல வருடம் இருந்தவன். பரம்பரையாகப் பத்தர் வேலை, அதாவது பொற்கொல்லர் வேலை. கண் மங்கிய பிறகு விட்டுவிட்டேன். மனநலம் படித்தவன் இல்லை. ஆனால் அடகு கவுண்ட்டரில் உரைகல்லோடு உட்கார்ந்தவனுக்கு ஊரிலுள்ள மனக்கசப்பெல்லாம் எடையோடு தெரியும். கீழே சொல்கிறவற்றில் ஆட்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணின் நகை எப்படி நகர்கிறது என்று சொல்கிறேன். நிச்சயத்தில் இத்தனை பவுன் என்று பேசுவார்கள். கல்யாணம் முடிந்து நாலு நாளில் "பொட்டியில வெச்சா பயமா இருக்கு, குடும்மா, பீரோவுல வெச்சிடறேன்" என்று மாமியார் வாங்கி வைப்பார். அதில் வஞ்சகம் ஒன்றும் இருக்காது, புதுப்பெண்ணின் கையில் பீரோ சாவி கிடையாது, அவ்வளவுதான். அடுத்த ஆனி, ஆடியில் நடவுச் செலவு வரும், கல்லூரிக் கட்டணமும் வரும். முதலில் ஆரம் போகும், பிறகு வளையல். தை அறுவடைக்குப் பிறகு மீட்பார்கள். விளைச்சல் சரியில்லை என்றால் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்பார்கள். இப்படி மூன்று நான்கு வருடம் போனால் அந்த ஆரத்தை அந்தப் பெண் கழுத்தில் பார்த்தவர்கள் கல்யாண ஆல்பத்தில் மட்டும்தான் பார்த்திருப்பார்கள்.

இதில் வெளியாருக்குத் தெரியாத ஒரு சிக்கல் இருக்கிறது. விவசாயத்துக்கென்று வாங்கும் நகைக் கடனுக்கு வட்டி குறைவு. அதற்கு நிலத்தின் பட்டாவும், பயிர் விவரம் சொல்லும் அடங்கலும் காட்ட வேண்டும். பட்டா மாமனார் பெயரில் இருக்கும், நகை மருமகளுடையது. ஆகவே மருமகளின் நகையை மாமனார் தன் பெயரில் வைப்பார். அடகுச் சீட்டு அவர் பெயரில் இருக்கும். வங்கிக்கும் சங்கத்துக்கும் யார் கையெழுத்துப் போட்டுக் கடன் வாங்கினாரோ அவர்தான் ஆள். மீட்கும்போது நகை அவர் கைக்குத்தான் போகும். கல்யாணத்தில் அதைப் போட்டது யார் என்று கேட்கிற கட்டம் எந்த விண்ணப்பத்திலும் இல்லை.

2021-இல் கூட்டுறவு நிறுவனங்களில் ஐந்து பவுனுக்கு உட்பட்ட நகைக் கடன்களைத் தமிழக அரசு தள்ளுபடி செய்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் ஒப்பிட்டுப் பார்த்துத் தகுதியானவர்களுக்கு நகையைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஏழைக் குடும்பங்களுக்குப் பெரிய உதவி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த உதவி சில வீடுகளில் என்ன செய்தது என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மருமகளின் நாலு பவுன் சங்கிலி மாமனார் பெயரில் இருந்தது. தள்ளுபடியில் நகை வந்தது. "கடனே சர்க்கார்தான் அடைச்சுது. பேரு என் பேரு. இது எனக்கு வந்தது" என்று அவர் சொன்னார். அதை மகளின் வளைகாப்புக்குப் போட்டுவிட்டார். மருமகள் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து மாமனாருக்குச் சோறு போடுவதை நிறுத்திவிட்டாள். தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள், போட்டுச் சாப்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஊரில் என்ன பேசினார்கள் தெரியுமா? "அந்தப் பொண்ணுக்குத் திமிரு." உங்கள் ஆலோசனைப் பகுதிக்கு அந்த மாமனார் கடிதம் எழுதியிருந்தால் "மருமகள் மரியாதை கொடுப்பதில்லை" என்றுதான் எழுதியிருப்பார். சங்கிலியைப் பற்றி ஒரு வரி இருந்திருக்காது. பதில் எழுதுகிறவரும் தலைமுறை இடைவெளி பற்றி நாலு பத்தி எழுதியிருப்பார்.

ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நியாயமாகாது. அந்த மாமியார்களின் நகையைப் பற்றி யாராவது கேட்டிருக்கிறோமா? எனக்குத் தெரிந்த அம்மாள் ஒருவர் கல்யாணத்துக்கு இருபது பவுன் போட்டு வந்தவர். நாலு பவுன் மாமனார் வைத்தியத்துக்குப் போனது. ஆறு பவுன் நாத்தனார் கல்யாணத்துக்கு. மீதி, மகனின் பொறியியல் படிப்புக்கு ஒவ்வொரு வருடமும் ஜூன் மாதத்தில் கவுண்ட்டருக்கு வந்தது. கடைசி செமஸ்டரில் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு முந்தானையால் காதை மூடிக்கொண்டு போனவர். எதையும் யாரும் அவருக்குத் திருப்பித் தரவில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை. அந்த மகனுக்குப் பெண் வந்தபோது, அவள் போட்டு வந்த நகை தன் மகனின் படிப்புக்கு வந்த கைம்மாறு என்றே அவர் மனதில் இருந்தது. அவர் பார்வையில் வீட்டு நகை என்றால் வீட்டுக்கு. மருமகள் "என் நகை" என்று சொன்ன அன்று அவருக்கு வந்த கோபம் அந்த ஆரத்துக்கான கோபம் இல்லை. முப்பது வருடத்துக்கு முன்னால் தன்னால் அந்த வார்த்தையைச் சொல்ல முடியவில்லையே என்ற கோபம். இது என் ஊகம்தான். ஆனால் அந்த அம்மாளை நான் இருபது பவுனோடும் பார்த்திருக்கிறேன், வெறும் தாலிக்கொடியோடும் பார்த்திருக்கிறேன்.

அந்த வீட்டில் சண்டை தீர்ந்ததா என்றால், பாதி தீர்ந்தது. மகன் வேலைக்குப் போன பிறகு முதலில் அம்மாவுக்கு ஒரு ஜோடித் தோடு வாங்கிக் கொடுத்தான். மனைவியின் ஆரத்தை அதற்கு அடுத்த வருடம்தான் மீட்டான். வரிசை மாறிப்போனது என்று மனைவிக்குக் கொஞ்சம் வருத்தம். எனக்கென்னவோ அவன் செய்தது சரி என்று படுகிறது. மருமகளின் நகையை மீட்டுக் கொடுங்கள் என்று சொல்கிற ஆண்கள், தன் அம்மாவின் கழுத்து எப்போது காலியானது என்றும் ஒரு தடவை கணக்குப் பார்க்கலாம்.

தொழில் தெரிந்தவன் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில சண்டைகள் திருட்டே இல்லாமல் திருட்டுப் பழியில் முடிகின்றன. கடை ரசீதில் ஆரம் நாற்பது கிராம் என்று இருக்கும். அடகுச் சீட்டில் நிகர எடை முப்பத்து நாலு என்று எழுதுவோம். கல்லின் எடையைக் கழிப்போம். பழைய நகையானால் உள்ளே அரக்கு இருக்கும், அதையும் கழிப்போம். மருமகள் பின்னால் ஒருநாள் சீட்டைப் பார்த்துவிட்டு, ஆறு கிராமை யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வாள். பழைய நகையை அழித்துப் புதிதாகச் செய்யும்போதும் இதே கதை. உருக்கினால் பற்றவைக்கும் பொடிக்குச் சேர்த்த உலோகம் கழியும், மாற்று, அதாவது தங்கத்தின் தரம், குறைவாக இருந்தால் இன்னும் கழியும். போதாதற்குப் புதிய நகைக்குச் சேதாரம், செய்கூலி வேறு. மாமியார் பத்துப் பவுன் கொடுத்து ஏழரைப் பவுன் வாங்கி வந்தால், அவர் இரண்டரைப் பவுனைத் தன் பெண்ணுக்கு ஒதுக்கிவிட்டார் என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். கடைக்காரரின் எடைச் சீட்டை வாங்கி எல்லார் முன்னாலும் வைத்தால் பத்து நிமிடத்தில் முடிகிற விஷயம் இது. அந்தச் சீட்டை வாங்காததால் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோன வீடும் எங்கள் தெருவில் உண்டு.

இப்போது புதிதாக வாங்கும் ஹால்மார்க் நகையில், 22 காரட்டுக்கான 916 முத்திரையோடு எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடத் தனி அடையாளமும் இருக்கிறது. 2023 ஏப்ரலிலிருந்து அது இல்லாமல் ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கக் கூடாது. அந்த அடையாளத்தை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம். நகை அடகுக்குப் போய்த் திரும்பும்போது அதே நகைதானா என்று பார்த்துக்கொள்ள வசதி.

அடுத்து நண்பர்கள். கையில் ரொக்கம் இல்லாதவனிடமும் மனைவியின் நகை இருக்கும் என்று நண்பனுக்குத் தெரியும். "மாப்ள, ரெண்டே மாசம். மீட்டுக் கொடுத்துடறேன்." கணவன் எடுத்துக் கொடுத்துவிடுவான். மனைவியிடம் சொல்ல மாட்டான், சொன்னாலும் பாதிதான் சொல்வான். நண்பன் தன் பெயரில் அடகு வைப்பான். இரண்டு மாதம் ஒரு வருடமாகும். இதற்குள் தங்கம் விலை ஏறியிருக்கும். விலை ஏறினால் அதே நகைக்கு அதிகக் கடன் கிடைக்கும். நண்பன் பழைய கடனை முடித்து அதே நகையைத் திருப்பி வைத்து, கூடுதல் பணத்தைக் கையில் வாங்கிக்கொள்வான். அவனைக் கேட்டால் "வட்டி கட்டத்தானே வெச்சேன்" என்பான். நகை கொடுத்தவனுக்குத் தன் நகை மேல் கடன் வளர்ந்திருப்பதே தெரியாது. தவணை தவறினால் ஏல நோட்டீஸ் நண்பன் வீட்டு முகவரிக்குத்தான் போகும். ஒருநாள் நகை மூழ்கிவிட்டது என்று தெரியவரும்போது, நட்பு போனது இருக்கட்டும், வீட்டில் மனைவியோடு இருந்த நம்பிக்கையும் சேர்ந்து மூழ்கியிருக்கும். "என்னைவிட நண்பர்கள்தான் முக்கியம்" என்று உங்களுக்குக் கடிதம் எழுதுகிற பெண்களில் சிலராவது இந்த வரிசையில் வந்தவர்கள் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

நண்பனுக்கு உதவக் கூடாது என்று சொல்லவில்லை. உதவுவதாக இருந்தால் மனைவியிடம் கேட்டு, அவள் பெயரிலேயே நகையை வைத்து, பணத்தை நண்பனிடம் கொடுங்கள். சீட்டு உங்கள் பீரோவில் இருக்கும். வட்டிக்கான நாள் தெரியும். நண்பன் கட்டாவிட்டால் அன்றைக்கே தெரியும், ஏல நோட்டீஸ் வரைக்கும் போகாது. இப்படிச் சொன்னதும் கோபித்துக்கொண்டு போன நண்பர்களும் உண்டு. போகட்டும், ஆரம் வீட்டில் இருக்கிறதே.

சட்டம் என்ன சொல்கிறது என்று வாசகர்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது. பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு முன்னும் கல்யாணத்திலும் பின்னும் அவள் வீட்டாரும் மற்றவர்களும் கொடுத்த நகை அவளுடைய சீதனம், முழுக்க அவள் சொத்து. கணவரோ மாமியாரோ வாங்கி வைத்தால் அவள் சார்பில் பாதுகாக்கிறார்கள் என்றுதான் பொருள், கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. 2024 ஏப்ரலில் கேரளத்து வழக்கு ஒன்றில் மறுபடியும் சொன்னது. 2003-இல் நடந்த கல்யாணம் அது. பெண் வீட்டார் போட்டது 89 பவுன். முதலிரவன்றே பத்திரமாக வைக்கிறேன் என்று கணவர் வாங்கித் தன் தாயிடம் கொடுத்துவிட்டார், அவர்களின் பழைய கடனுக்கு அந்த நகை போய்விட்டது என்பது மனைவியின் வழக்கு. குடும்ப நீதிமன்றம் அந்தப் பெண் சொன்னதை ஏற்றது. உயர் நீதிமன்றம், அவர் நிரூபிக்கவில்லை என்றது. உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லி 25 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. அன்றைய விலைக்கு 89 பவுனின் மதிப்பில் ஏறக்குறைய பாதிதான் அது. கல்யாணமாகி இருபது வருடத்துக்கு மேல் கழித்து.

நீதிமன்றத்தில் நிரூபிப்பதற்குத்தான் இந்தப் பாடு. வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985-இல் ஒரு விதி போட்டார்கள். கல்யாணத்தில் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் வந்த அன்பளிப்புகளைப் பட்டியல் எழுத வேண்டும். என்ன பொருள், ஏறக்குறைய என்ன மதிப்பு, யார் கொடுத்தது, அவர் என்ன உறவு என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். நாற்பது வருடமாக இருக்கிற விதி. எங்கள் ஊர்ப் பக்கம் இப்படி ஒரு பட்டியலை நான் கண்ணால் பார்த்ததில்லை.

வேடிக்கை என்னவென்றால், நமக்கு எழுதத் தெரியாமல் இல்லை. அதே மண்டபத்தின் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து, ஊர், பெயர், தகப்பனார் பெயர், இனிஷியல், தொகை என்று மொய் எழுதுகிறோம். நூற்று ஒரு ரூபாய் வைத்தவர் பெயர் இருபது வருடம் கழித்தும் நோட்டில் இருக்கும். அடுத்த கல்யாணத்துக்குக் கிளம்பும் முன் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கவரில் பணம் வைப்போம். அங்கே எழுதுவதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை. பெண்ணின் நகையை எழுதலாம் என்றால் மட்டும் "நம்பிக்கை இல்லையா சம்பந்தி?" என்று முகம் மாறுகிறது.

2025-இல் ரிசர்வ் வங்கி நகைக் கடனுக்கு வரைவு விதிகள் வெளியிட்டு, நகை யாருடையது என்பதற்குச் சான்று வேண்டும் என்றபோது தமிழ்நாடே கொதித்தது. பாட்டி நகைக்கு ரசீதுக்கு எங்கே போவது என்று கேட்டோம். நியாயமான கேள்விதான், நானும் கேட்டேன். ஆனால் அத்தனை கூச்சலிலும், கவுண்ட்டருக்கு வருகிற நகை கொண்டுவருகிறவருடையதுதானா, வீட்டிலிருக்கும் வேறொரு பெண்ணுடையதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

சரி, எழுதாமல் விட்டாயிற்று, சண்டையும் வந்தாயிற்று, என்ன செய்வது? நான் பார்த்தவரை உருப்படியாக முடிந்த பேச்சுகள் சில விதத்தில் ஒன்றுபோல இருந்தன. விசேஷ வீட்டிலோ துக்க வீட்டிலோ கேட்காமல் சாதாரண நாளில் கேட்டார்கள். பெண்ணின் அண்ணன் தம்பி நாலு பேர் காரில் வந்து இறங்கிக் கேட்கவில்லை, கணவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க மனைவியே கேட்டாள். "என்னை நீங்க மதிக்கலே அத்தை" என்று ஆரம்பிக்கவில்லை. "அந்த ஆரம் எந்தச் சங்கத்துல, யார் பேர்ல இருக்கு, வட்டி எது வரைக்கும் கட்டியிருக்கு?" என்று கேட்டாள். முதல் கேள்விக்கு மாமியார் ஆயிரம் பதில் சொல்லலாம், அத்தனையும் சண்டையில் முடியும். இரண்டாவதற்குச் சீட்டை எடுத்துத்தான் காட்ட வேண்டும். சீட்டை மாற்றிப் போட முடியாவிட்டால், "இந்த நகை இன்னார் மருமகளுடையது" என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுச் சீட்டோடு சேர்த்து வைத்தார்கள். திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டால் ரூபாயில் பேசக் கூடாது, கிராமில் பேச வேண்டும். ஐந்து வருடத்துக்கு முந்தைய விலையில் பணத்தைக் கொடுத்துக் கணக்கை முடிக்கப் பார்க்கிற மாமனார்கள் நிறைய.

அடி உதை நடக்கிற வீட்டுக்கு இதெல்லாம் பொருந்தாது. அங்கே ஆரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் பெண்கள் உதவி எண்ணான 181-க்குப் போன் செய்ய வேண்டும்.

என் வேண்டுகோளுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்தக் கல்யாணத்தையும் 90 நாளுக்குள் பதிவு செய்தாக வேண்டும். விசாவுக்கு வேண்டும் என்பதால் இப்போது நிறைய பேர் ஒழுங்காகச் செய்கிறார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்துப் போடச் சேர்ந்து போகிற நாள் அது. அன்று காலையில் வீட்டிலேயே நகைப் பட்டியலையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் சம்பந்தி முகம் மாற இடமில்லை, அரசாங்கம் கேட்கிற இன்னொரு தாள் என்று எடுத்துக்கொள்வார்கள். பொய்யும் இல்லை, விதி இருக்கிறதே. முகூர்த்த மாதங்களில் உங்கள் ஞாயிறு இணைப்பில் பட்டுப்புடவைக்கு எட்டுப் பக்கம் ஒதுக்குகிறீர்கள். அதில் கால் பக்கம் இந்தப் படிவத்துக்குக் கொடுங்கள்.

படிவத்தை நானே வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். நகையின் பெயர், மொத்த எடை, கல் நீக்கிய எடை, ஹால்மார்க் அடையாளம், கொடுத்தவர், உறவு, இப்போது யாரிடம் இருக்கிறது. கடைசிக் கட்டத்தைப் பென்சிலால் நிரப்பச் சொல்லுங்கள், அது மாறிக்கொண்டே இருக்கும். இடம் போதாவிட்டால் என் கடிதத்தை வெட்டிக்கொள்ளுங்கள், படிவத்தை வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நகை மதிப்பீட்டாளர்,
கும்பகோணம்.

(பெயர் வெளியிட வேண்டாம். சீட்டு எழுதிக் கொடுத்தவர்கள் எல்லாம் இன்னும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள்.)